குத்தவைத்து உட்கார ஓர் இடுப்பு

எங்கள் தொழிலில் வருகிறவர்கள் எல்லோரும் நொண்டிக்கொண்டுதான் வருவார்கள். நொண்டாமல் திரும்பிப் போனால் அது எங்கள் கைராசி, நொண்டிக்கொண்டே போனால் அது அவர்கள் தலையெழுத்து.

நான் பிசியோதெரபிஸ்ட். எழுபதுகளின் நடுவில் போடிநாயக்கனூரில், ஏலக்காய் மண்டிகள் இருக்கிற தெருவில், படி ஏற வேண்டாத ஓர் அறையாகப் பார்த்துப் பிடித்தேன். இரண்டு கட்டில், ஒரு பெஞ்சு, சூடு கொடுக்கிற கரண்டுப் பெட்டி ஒன்று. பிசியோதெரபி என்ற சொல் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. ‘கரண்டு டாக்டர்’ என்றே கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதல் ஆறு மாதம் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இதைப் படிக்கிற நீங்கள் நாற்காலியில் ஒரு பக்கமாகப் பாரம் போட்டு உட்கார்ந்திருந்தால் நம்ம ஆள்தான். பஸ்சில் ஏறும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று கண்டக்டர் விசில் ஊதும்வரை யோசிக்கிற கூட்டம் நம்முடையது. எனக்கும் இப்போது வயதாகி, இடது இடுப்பு தேய்ந்து, அந்தக் கூட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. அதனால் உங்களிடம் எதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கம்பு எந்தக் கையில்

முதல் வருஷத்து ஆள் சிலமலை ராமசாமி. அறுபதைத் தொட்ட விவசாயி. வலது இடுப்பு மூட்டு தேய்ந்து, வரப்பில் கால் மாற்றி வைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வார். சூடு கொடுத்தேன், படுத்தபடி காலைத் தூக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன், கடைசியில் ஒரு கம்பும் கொடுத்தேன். அங்கேதான் தகராறு. வலது இடுப்பு வலித்தால் கம்பை இடது கையில் பிடிக்க வேண்டும். உங்களில் பாதிப் பேர் இதைத் தப்பாகத்தான் செய்துகொண்டிருப்பீர்கள், வலிக்கிற பக்கமே ஊன்றுவீர்கள். எதிர்ப்பக்கம் ஊன்றினால்தான் வலிக்கிற மூட்டின் மேல் விழுகிற பாரம் குறையும்.

அறைக்குள் அவர் இடது கையில் பிடித்து ஒழுங்காக நடந்து காட்டுவார். வாசலைத் தாண்டியதும் கம்பு வலது கைக்கு மாறிவிடும். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே போய்க் கையும் களவுமாகப் பிடித்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “எடது கையில ஊண்டுனா ஊர்க்காரன் எனக்கு எடது காலும் போச்சுன்னுல்ல நெனைப்பான். ஒரு காலு கெட்ட சேதியே போதும் தம்பி, அதோட இருக்கட்டும்.”

ஏழு மாதச் சூடு

எழுபதுகள் முடியப்போகிற சமயம். குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கிற வேலுத்தாய் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தார். நாற்பது வயது இருக்கும். புருஷன் இறந்துவிட்டார். தோட்டத்து லயத்தில், கூலியாட்களுக்குக் கட்டிவிட்ட வரிசை வீடுகளில், ஓர் அறை. அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: அறைக்கு ஓர் ஆள் காய் எடுக்கப் போக வேண்டும். ஆள் போகாவிட்டால் அறை கிடையாது. தாய்க்கு முடியாமல் போனால் மகள் போக வேண்டும். அக்காவுக்கு ஒரே மகள், மல்லிகா. போடியில் ஹாஸ்டலில் தங்கி எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். பத்து முடித்ததும் நர்சு படிப்பில் சேர்த்துவிட வேண்டும் என்பது அக்காவின் கணக்கு.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காய் மட்டும் தரையோடு தரையாக, வேர்ப்பக்கம் ஓடுகிற சரத்தில் இருக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை குத்தவைத்து உட்கார்ந்து, உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும். அந்த வேலை செய்கிறவருக்குக் கால் வலிப்பதில் என்ன அதிசயம்? எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். சேலையை முழங்கால் வரை ஏற்றி, “இந்த முட்டியிலதான் தம்பி” என்றார். தம்பி என்று கூப்பிடுகிறவர் அதற்கு மேல் எதைச் சொல்வார்? அக்கா என்று கூப்பிடுகிற நான் அதற்கு மேல் எங்கே தொட்டுப் பார்ப்பேன்? அந்த முழங்காலில் வீக்கம் இல்லை, மடக்கினால் சத்தம் இல்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஏழு மாதம் அந்த முழங்காலுக்குச் சூடு காட்டினேன். தேவலையா என்று கேட்டால் “சாரமில்லை” என்பார். தோட்டத்தில் மலையாளிகளோடு வேலை செய்து பழகிய வார்த்தை, பரவாயில்லை என்று அர்த்தம். நானும் பரவாயில்லை என்றே எடுத்துக்கொண்டேன். ஒருநாள் கட்டிலில் இருந்து இறங்கும்போது, என்னிடமா காலிடமா என்று தெரியாதபடி சொன்னார்: “புள்ள பத்து முடிக்கிற வரைக்கும் தாங்குனாப் போதும். அதுக்கப்புறம் எக்கேடும் கெட்டுப் போ.”

முட்டிக்கு மேல்

பெண்கள் நிறைய வர ஆரம்பித்ததால் செல்லம்மா என்ற பெண்ணை உதவிக்குச் சேர்த்துக்கொண்டேன். அவள் வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கரண்டு போய்விட்டது. பெட்டி வேலை செய்யாது. சும்மா வாசலில் வந்து நின்றேன். அன்று தோட்டத்து ஆட்களை மலையிலிருந்து இறக்கிவருகிற ஜீப்பும் தாமதம். வேலுத்தாய் அக்கா தெருக்கோடியில் இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தார். நம்புவீர்களோ என்னவோ, அதுவரை அவர் நடந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் நான் கதவைத் திறப்பதற்கு முன்பே வந்து, திறந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். பெஞ்சுக்கும் கட்டிலுக்கும் இரண்டு எட்டுத் தூரம். போகும்போது நான் அடுத்த ஆளைக் கவனித்துக்கொண்டிருப்பேன். அன்றைக்குத்தான் பார்த்தேன். வலது காலை ஊன்றும்போதெல்லாம் மேல் உடம்பு மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. முழங்கால்காரர்கள் அப்படி நடக்க மாட்டார்கள்.

திரைக்குப் பின்னால் செல்லம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழையில், காய் மூட்டையோடு சரிவில் விழுந்திருக்கிறார். பத்து நாள் படுத்துக் கிடந்து எழுந்திருக்கிறார். அதிலிருந்து தொடை இடுக்கில் வலி. அது இறங்கி வந்து முழங்காலில் கடுக்கும். இடுப்பு மூட்டு கெட்டால் வலி முழங்காலிலும் தெரியும் என்பது நான் படித்த பாடம்தான். உங்களில் யாருக்காவது காரணமில்லாமல் முழங்கால் வலித்தால் இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். அக்கா பொய் சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடம் வரைக்கும் சொன்னார். நானும் கேட்கக்கூடிய இடத்தோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டு பேரும் மரியாதை தெரிந்தவர்கள், வேறென்ன சொல்ல? ஏன் முன்பே சொல்லவில்லை என்று நான் பொருமிக்கொண்டிருந்தபோது செல்லம்மா திரையை மடித்துக்கொண்டே சொன்னாள்: “பொம்பளைகளுக்கு ஒங்ககிட்ட முட்டிக்கு மேல எதுவும் வலிக்காதுண்ணே. அது தெரியாமயா இம்புட்டு நாளு இங்க இருக்கீக?”

காலுக்கு லீவு

எக்ஸ்ரே எடுத்தோம். பந்து மாதிரி இருக்க வேண்டிய தொடை எலும்பின் தலை, ரத்த ஓட்டம் நின்றுபோய், ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது. படத்தை எடுத்துக்கொண்டு ரயிலேறி மதுரையில் எலும்பு டாக்டர் ஒருவரிடம் போனேன். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏழெட்டு மாசம் முன்னால வந்திருந்தா பாரம் போடாம வச்சுப் பயிற்சி குடுத்தே ரெண்டு மூணு வருஷம் ஓட்டியிருக்கலாம். இப்பவும் ஒரு மூணு மாசம் பாருங்க. சரிப்படலைன்னா கத்திதான்” என்றார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஏழு மாதமாக யார் பார்த்தது என்றும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் ஓடியிருந்தால் மல்லிகா பத்தாவது முடித்திருப்பாள். திரும்பி வருகிற ரயிலில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பிராயச்சித்தம் மாதிரி விழுந்து விழுந்து வைத்தியம் பார்த்தேன். அக்குளில் வைக்கிற கட்டைகள் வாங்கிக் கொடுத்தேன். காலில் பட்டை கட்டி, கட்டில் கால்மாட்டில் செங்கல் தொங்கவிட்டு மூட்டை இழுத்து வைக்கிற முறை ஒன்று உண்டு. அதையும் எழுதிக் கொடுத்தேன். லயத்து அறையில் கட்டிலே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. கட்டைகளை ஊன்றிக்கொண்டு மலைச்சரிவில் காய் எடுக்க முடியாது. அவை சுவரில் ஆணியில் தொங்கின. வலது காலை முன்னால் நீட்டிக்கொண்டு, இடது காலில் மட்டும் குந்தி, அக்கா காய் எடுத்துக்கொண்டிருந்தாராம். நான் கோபித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. “மூணு மாசம் காலுக்கு லீவு குடுக்கச் சொல்றீக. குடுத்துரலாம். காலுக்கு லீவு குடுத்தா எம்புள்ளைக்குல்ல சோலி குடுத்துருவாக தம்பி.”

சாமி முன்னால் நாற்காலி

இதே சமயம் எங்கள் ஊர்க்காரர் சுருளியப்பன் என்பவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, மதுரையில் உடைந்த தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை வைத்துக்கொண்டு வந்திருந்தார். நான்தான் நடை பழக்கினேன். பத்தே வாரத்தில் கம்பு ஊன்றி மண்டிவரை போய்வந்தார். வலி என்பதே இல்லை. நிபந்தனை ஒன்றே ஒன்று: தரையில் சம்மணம் போடக் கூடாது, குத்தவைக்கக் கூடாது, எங்கே போனாலும் நாற்காலி. நமக்கெல்லாம் இது எவ்வளவு பெரிய தண்டனை என்று மதுரையிலும் மதராசிலும் எழுதிக்கொடுக்கிறவர்களுக்குத் தெரியாது. நம் ஊரில் சாப்பாடு, சடங்கு, துக்கம், கக்கூசு எல்லாமே தரையோடுதான்.

சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் குலதெய்வக் கோயிலுக்குப் போனார்கள். பொங்கல் வைத்து, சாமி முன்னால் வரிசையாகத் தரையில் பந்தி. வயதில் மூத்தவர் என்பதால் முதல் இலை சுருளியப்பனுக்கு. சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சாப்பிடும்வரை ஒன்றும் தெரியவில்லையாம். கையை ஊன்றி எழுந்தபோது உள்ளே ஏதோ நழுவியது. ஜீப்பில் நீட்டிப் படுக்கவைத்து நேரே என்னிடம் கொண்டுவந்தார்கள். வலது கால் உள்பக்கம் திரும்பிக் குட்டையாகக் கிடந்தது. பக்கத்துக் கட்டிலில் வேலுத்தாய் அக்கா காலைத் தூக்கும் பயிற்சி செய்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். மதுரையில் மறுபடி திறந்தார்கள், புண் ஆறவில்லை, சுருளியப்பன் அதன்பிறகு எழுந்து நடக்கவே இல்லை. ஆனால் அன்று என் கட்டிலில் அந்த வலியிலும் என்னிடம் நியாயம் கேட்டார்: “சாமியே தரையில உக்காந்திருக்கு. நான் நாக்காலி கொண்டான்னு சொல்லி மேல உக்காந்து எலை போடச் சொல்லவா அப்பு?”

மூன்று வழி

மூன்று மாதத்தில் எலும்புத் தலை இன்னும் சரிந்துவிட்டது. வேலுத்தாய் அக்காவை மதுரைக்கு நானே கூட்டிப்போனேன். அங்கே ஆப்பரேசன் செய்கிற பெரிய டாக்டர் பொறுமையானவர். தன் இடது கையைக் கிண்ணம் மாதிரி குவித்து, வலது முஷ்டியை அதில் வைத்து விளக்கினார். மூட்டை அப்படியே இறுகிப்போகும்படி செய்துவிடலாம்: வலி போய்விடும், கால் உறுதியாக நிற்கும், எவ்வளவு தூரமும் நடக்கலாம், ஆனால் மடங்காது. உலோக மூட்டு வைக்கலாம்: அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது, வலி இருக்காது, ஆனால் வயது குறைவு, கொஞ்ச வருஷத்தில் தேயும், தரையில் உட்காரவே கூடாது. மூன்றாவது, கெட்டுப்போன தலையை எடுத்துவிட்டுச் சும்மா விட்டுவிடுவது: கால் இரண்டு அங்குலம் குட்டையாகும், கம்பு இல்லாமல் நடக்க முடியாது, ஆனால் நன்றாக மடங்கும்.

“எதுல குத்தவச்சு உக்காரலாம்?” என்று மட்டும் கேட்டார் அக்கா. மூன்றாவதில் என்றார் டாக்டர். “அதையே செஞ்சுருங்கய்யா.” டாக்டர் என்னைப் பார்த்தார். நடைதானே முக்கியம், முதல் வழியையும் யோசிக்கச் சொல்லுங்கள் என்றார். நான் சொன்னேன். எனக்கும் சுருளியப்பன் ஞாபகம், அழுத்திச் சொல்லவில்லை. அக்கா டாக்டர் பக்கம் திரும்பி, தெரியாத ஆளுக்கு வழி சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: “ஏலக்கா நிண்டு பறிக்கிற ஒசரத்துல காய்க்காதுங்கய்யா. வேர்ல காய்க்கிது.”

எடை கட்டிய கால்

ஆப்பரேசன் நன்றாக நடந்தது. அதற்குப்பின் காலில் கம்பி பாய்ச்சி, எடை கட்டித் தொங்கவிட்டு ஆறு வாரம் படுக்கை. அப்புறம் நடை பழக மூன்று மாதம். துணைக்கு ஒரு நாத்தனார் வந்திருந்தார். இத்தனை நாள் ஆகும் என்பது எனக்கு முன்பே தெரியும். தோட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது. படுத்த இரண்டாவது வாரமே கங்காணி ஹாஸ்டலுக்கு ஆள் அனுப்பிவிட்டார், அறைக்கு ஓர் ஆள் வேண்டும், காய் எடுக்கிற பருவம், இல்லையென்றால் சாமானை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. நான் ஜீப் பிடித்து மேலே போய்க் கங்காணியிடம் பேசினேன். அவர் எனக்குப் பால் விடாத கட்டங்காப்பி கொடுத்து, மரியாதையாக உட்காரவைத்து, முடியாது என்றார்.

மல்லிகா மேலே போவதற்கு ஜீப் ஏறும்முன் என்னைப் பார்க்க வந்தாள். ஒன்பதாவது படிக்கிற பெண், பதினாலு வயது, பள்ளிக்கூடத்துத் தாவணியிலேயே வந்திருந்தாள். “அம்மாகிட்டச் சொல்லிறாதீங்க மாமா. கெடந்தவாக்குல அழும். அது எந்திரிச்சு வந்ததும் நான் எறங்கி வந்துருவேன்” என்றாள். சரி என்றேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மதுரைக்குப் போய்ப் பார்ப்பேன். அக்கா முதல் கேள்வியாகப் புள்ளை படிக்கிறாளா என்பார். படிக்கிறாள் என்பேன். ஒருமுறை இல்லை, நான்கு முறை சொன்னேன். உங்களுக்கு வலி தாங்காத ராத்திரிகள் இருந்திருக்கும். எனக்கு அந்த நான்கு தடவையும் தாங்கவில்லை. தொங்குகிற எடையைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன். அக்கா என் தலைக்கு மேலிருந்து நாத்தனாரிடம் சொல்லுவார்: “தம்பி போடியிலயே இருக்காக, புள்ளையப் பாத்துக்கிருவாக. எனக்கென்ன கவலை?”

கைதட்டு

அக்கா எழுந்தார். நடை பழகினார். போடியில் செருப்புத் தைக்கிற ஒருவரிடம் சொல்லி, வலது செருப்புக்கு டயர் ரப்பரில் இரண்டு அங்குலம் உயரம் வைத்தேன். மல்லிகா மேலே போனது தெரிந்த அன்றே புறப்பட்டார். கம்பை எடுத்துக்கொண்டு மேலே போனார். கங்காணி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து காட்டினார். அவர் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுச் சரிவில் ஏறச் சொல்லியிருக்கிறார். மழை ஈரம். ஒரு கையில் கம்பு, ஒரு கையில் கூடை. பிடித்து ஏற மூன்றாவது கை வேண்டும். நான்காவது எட்டில் சறுக்கிவிட்டது. உட்காருவதைப் பற்றியே நாங்கள் எல்லோரும் யோசித்தோம். உட்காருகிற இடத்துக்கு ஏற வேண்டும் என்று டாக்டரும் யோசிக்கவில்லை, மலையிலேயே இருந்த அக்காவும் யோசிக்கவில்லை, மலையையும் இடுப்பு மூட்டையும் தெரிந்த நான் யோசித்திருக்க வேண்டும். தோட்டத்து ஆள்கணக்கு எழுதுகிற செக்ரோலில் மல்லிகா பெயர் ஏறியது ஏறியதுதான். அவளுக்குக் கை வெரசு என்று கங்காணிக்குத் திருப்தி வேறு. பரிட்சை போயிற்று, அந்த வருஷம் போயிற்று, ஹாஸ்டலில் அவள் இடத்தில் வேறு பெண் வந்துவிட்டாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் பெரிய டாக்டர் அக்காவை வரச்சொல்லி எழுதியிருந்தார். படிக்கிற பையன்களுக்குக் காட்ட வேண்டுமாம். வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். ரயிலில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். உசிலம்பட்டி தாண்டும்போது, மல்லிகா கை நகமெல்லாம் காய்க்கறை ஏறிக் கறுத்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

வார்டில் இருபது பேர் சுற்றி நின்றார்கள். டாக்டர் உட்காருங்கம்மா என்றார். அக்கா கம்பை என் கையில் கொடுத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, சிமெண்டுத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். இரண்டு முழங்காலும் நெஞ்சைத் தொட்டன. வலி இல்லை, தடுமாற்றம் இல்லை. நோயாளி விரும்பியது கிடைத்திருக்கிறது, இதுதான் வெற்றி என்று டாக்டர் சொன்னார். அது பொய்யும் இல்லை. பையன்கள் கைதட்டினார்கள். நான் கையில் கம்போடு நின்றேன், தட்டவில்லை. எழுப்பிவிடலாம் என்று குனிந்து கை நீட்டினேன். அக்கா கையைப் பிடிக்கவில்லை. உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். அவர் என்னிடம் கோபமாகப் பேசியிருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருப்பேன். கோபமே இல்லாமல், சந்தேகம் கேட்கிற குரலில்தான் கேட்டார்: “நான் உக்காந்துட்டேன் தம்பி. அங்க உக்காந்துட்ட எம்புள்ளைய எந்திரிக்க வைக்கிறதுக்கு என்ன ஆப்பரேசன் இருக்குன்னு இந்த ஐயாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க.”

இடுப்பு வலிக்குச் சூடு, பயிற்சி, கம்பு, செங்கல், கத்தி என்று வைத்தியம் ஏழெட்டு வகை உண்டு, என் சக நோயாளிகளே. எல்லாவற்றுக்கும் பத்தியம் ஒன்றுதான், நோயாளிக்கு உலகத்தில் வேறு சோலியே இருக்கக் கூடாது.